விழுந்ததை எழுப்புவோர்



உழைப்பைப் பாடிய தமிழ்க் கவிதையில் உழவர் உண்டு; நெசவாளர் உண்டு; மூட்டை தூக்குவோரும் பாறை உடைப்போரும் உண்டு. நெடுஞ்சாலையில் கவிழ்ந்து கிடக்கும் பார வண்டியை நிமிர்த்தி இழுத்துச் செல்லும் தொழிலாளி மட்டும் அநேகமாக இல்லை. காரணம் எளிது. அவர் வந்து சேரும்போது எல்லாருடைய கண்ணும் கவிழ்ந்த வண்டியின் மேல் இருக்கும். அவர் வேலையை முடித்துப் போகும்போது பார்ப்பதற்கு அங்கே எதுவுமே இருக்காது. உழவன் விளைச்சலைக் காட்டலாம், தச்சன் கதவைக் காட்டலாம். இவர் காட்டக்கூடியது வெறும் சாலைதான்.

இத்தொழிலுக்குப் பிறந்த ஊரும் ஆண்டும் உண்டு. ஊர், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துச் சட்டனூகா. ஆண்டு 1916. அங்கே மோட்டார் பட்டறை நடத்திவந்த எர்னஸ்ட் ஹோம்ஸ் என்பவருக்கு ஒரு நண்பரிடமிருந்து அழைப்பு வந்தது. நண்பரின் கார் ஓடையில் தலைகீழாக விழுந்து கிடந்தது. கயிறு, கட்டை என்று கைக்குக் கிடைத்தவற்றை வைத்துக்கொண்டு ஆறு பேர் சேர்ந்து அதைக் கரையேற்றினார்கள். எட்டு மணி நேரம் ஆயிற்று. களைத்து வீடு திரும்பிய ஹோம்ஸ் அத்தோடு விட்டுவிடவில்லை. 1913ஆம் ஆண்டுக் காடிலாக் கார் ஒன்றின் சட்டத்தில் மூன்று கம்பங்களையும் ஒரு கப்பியையும் சங்கிலியையும் பொருத்தினார். உலகின் முதல் மீட்பு வண்டி என்று இன்று சொல்லப்படுவது அதுதான்.

அதைவிட நுட்பமானது அவர் பின்னர் கண்ட ஏற்பாடு. வண்டியின் பின்புறம் இரண்டு கைகள். வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று. ஒரு கையின் வடம் பள்ளத்தில் கிடப்பதை இழுக்கும். மறு கையின் வடம் எதிர்ப்புறத்து மரத்திலோ பாறையிலோ கட்டப்பட்டிருக்கும். இழுக்கிற வண்டி, தான் இழுப்பதனாலேயே சாய்ந்து பள்ளத்தில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த இரண்டாவது வடம். இரண்டாம் உலகப் போரில் டயமண்ட் டி நிறுவனத்தின் படை வண்டிகள் ஹோம்ஸின் இந்த இரட்டைக் கைகளோடுதான் போர்க்களங்களில் ஓடின.

ஹோம்ஸ் எழுப்பியது ஒரு சிறு கார். இன்றைய பார மீட்புத் தொழிலாளியின் முன் கிடப்பது வேறு. அமெரிக்க நெடுஞ்சாலையில் சரக்கோடு கூடிய ஒரு லாரியின் எடை 80,000 பவுண்டு வரை, அதாவது ஏறத்தாழ 36 டன் வரை, இருக்கலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இரட்டை டிரெய்லர் பூட்டிய எட்டு அச்சு வண்டிக்கு 63,500 கிலோ வரை அனுமதி உண்டு. அந்த மாநிலத்தில்தான் ஹோப் என்ற சிற்றூரிலிருந்து மலையேறும் கோக்கிஹல்லா நெடுஞ்சாலை இருக்கிறது. 1986இல் திறக்கப்பட்ட இச்சாலையின் உச்சி 1,244 மீட்டர். இங்குள்ள மீட்புத் தொழிலாளரைப் பற்றி 2012 முதல் ஒரு தொலைக்காட்சித் தொடரே ஒளிபரப்பானது. ஹோப் என்றால் ஆங்கிலத்தில் நம்பிக்கை. ஊருக்கு அப்பெயரை இட்டவர் பனிக்காலத்தில் அந்த ஏற்றத்தில் பாரம் ஓட்டியவராக இருந்திருக்க முடியாது.

அப்படிப்பட்ட மலைச்சாலையில் ஒரு பனி இரவு. லாரி ஒன்று சாலையோரச் சரிவில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. ஓட்டுநர் உள்ளே சிக்கியிருந்தால் முதலில் தீயணைப்புப் படையினரின் வேலை. சில வேளைகளில் அவர்களுக்காக வண்டியைச் சற்றே தூக்கிப் பிடிக்கும் பொறுப்பும் மீட்புக்காரரையே சேரும். உயிர் போயிருந்தால், உடல் எடுக்கப்படும் வரை அவர் ஓரமாக நின்று காத்திருக்க வேண்டும். உயிர் பிழைத்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு நிற்பவர் தம் சொந்த வண்டிக்குக் கடன் கட்டிவருபவராக இருக்கலாம். அவர் எப்படியும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “வண்டி தேறுமா?” தேறுமா இல்லையா என்பதில் ஒரு பகுதி ஏற்கெனவே முடிந்துபோனது. மறு பகுதி இனி இந்த மனிதர் எங்கே கொக்கி மாட்டுகிறார் என்பதைப் பொறுத்தது.

வந்தவுடன் வடத்தை மாட்டி இழுப்பவர் இத்தொழிலைக் கற்கவில்லை என்று பொருள். கற்றவர் முதலில் வண்டியைச் சுற்றி நடப்பார். உள்ளே என்ன சரக்கு? திரவமானால் நிமிர்த்தும்போது ஒரு பக்கமாக அலைமோதி வண்டியை மறுபுறம் தள்ளிவிடும். உயிருள்ள கால்நடையானால் கணக்கே வேறு. டிரெய்லரின் கூடு பிளந்திருக்கிறதா? பிளந்திருந்தால் வடத்தால் தூக்க முடியாது. காற்று நிரப்பும் பெரும் பைகளை அடியில் செருகி, மெல்ல மெல்ல ஊத வைத்து நிமிர்த்த வேண்டும்.

பிறகு எடைக் கணக்கு. அமெரிக்கப் படையின் மீட்புக் கையேடுகளில் இதற்கு ஒரு வாய்பாடு உண்டு. சக்கர ஆழத்திற்குச் சேற்றில் புதைந்த வண்டியை இழுக்க அதன் எடைக்குச் சமமான இழுவை வேண்டும். சக்கரத்தின் மேல்மூடி வரை புதைந்ததற்கு இரண்டு மடங்கு. ஓட்டுநர் அறை வரை புதைந்ததற்கு மூன்று மடங்கு. ஆனால் கவிழ்ந்து கிடப்பதை நிமிர்த்த எடையில் பாதியே போதும். பார்ப்பவர் கண்ணுக்குக் கவிழ்ந்ததே பெருந்துயரம். அறிந்தவருக்கோ நின்றபடியே புதைந்ததுதான் கடினம். கவிஞர்கள் இவ்விடத்தில் சற்று நின்று போகலாம்.

கப்பியின் கணக்கும் அப்படித்தான். இழுக்கப்படும் வண்டியில் ஒரு கப்பியை மாட்டி, வடத்தை அதன் வழியே திருப்பிக் கொண்டுவந்தால் இழுவை ஏறத்தாழ இருமடங்காகும், வேகம் பாதியாகும், ஒவ்வொரு கப்பியும் உராய்வுக்காகப் பத்தில் ஒரு பங்கைக் கூலியாக எடுத்துக்கொள்ளும். மாறாக, கப்பியை ஒரு மரத்தில் கட்டி வடத்தின் திசையை முழுதும் திருப்பினால், அந்த மரம் தாங்குவது வடத்தின் இழுவையைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. அசையாமல் நிற்பதன் மேல்தான் அதிகச் சுமை விழுகிறது. மரம் பெயர்ந்தாலோ எஃகு வடம் அறுந்தாலோ அது சாட்டையாகத் திரும்பி வரும். ஆகவே, விறைத்த வடத்தின் வீச்சுக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது. நம் தேரோட்டங்களில் வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். சக்கரத்தடியில் கட்டை போடுபவரையே ஊர் கவலையோடு பார்க்கும். அந்தக் கவலையை அறிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நிமிர்த்திய பிறகும் வேலை முடிவதில்லை. ஏர் பிரேக் உள்ள வண்டியில் பிரேக்கை விலக்கிப் பிடித்திருப்பது காற்று. குழாய் உடைந்து காற்று போய்விட்டால், சுருள்வில் விரிந்து சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். மீட்புக்காரர் தம் வண்டியிலிருந்து குழாய் வழியே காற்றுக் கொடுக்க வேண்டும். அல்லது வண்டியடியில் பனியில் படுத்து, ஒவ்வொரு சுருள்வில்லையும் திருகாணியால் அடக்க வேண்டும். எஞ்சின் ஓடாதபோது கியர்ப்பெட்டிக்குள் எண்ணெய் சுற்றாது. ஆதலால் அதைச் சக்கரங்களோடு இணைக்கும் தண்டைக் கழற்றாமல் இழுத்துப் போனால் உள்ளே பற்கள் எரிந்துபோகும். இவ்வளவும் இருட்டில், கையுறை மீறி விறைத்துப்போன விரல்களால் செய்யப்படுகிறது.

இதற்குள் பின்னால் வண்டிகள் மைல் கணக்கில் நின்றுவிடுகின்றன. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் 2008 முதல் ஒரு திட்டத்தை நடத்துகிறது: பெரும் விபத்தில் சிக்கிய பார வண்டியை, பணி தொடங்க அனுமதி கிடைத்த 90 நிமிடங்களுக்குள் அகற்றினால் மீட்பு நிறுவனத்திற்கு ஊக்கத்தொகை. ஹோம்ஸின் எட்டு மணி நேரம் தொண்ணூறு நிமிடமாகச் சுருங்கிவிட்டது. உயிரைப் பொருட்படுத்தாத அவசரம் என்று இதை உடனே பழிப்பது சரியன்று. தேங்கி நிற்கும் வரிசையின் வாலில் வேகமாக வந்து மோதும் வண்டிகளால் புதிய சாவுகள் நேர்வதுண்டு. சாலை எவ்வளவு சீக்கிரம் திறக்கிறதோ அவ்வளவுக்கு அது குறையும். இது நியாயமான அவசரம். சுற்றி நடந்து பார்ப்பதற்கான அந்தச் சில நிமிடங்களை மட்டும் எந்த ஊக்கத்தொகையும் விலைக்கு வாங்கிவிடக் கூடாது.

நியாயமே இல்லாத அவசரம் ஒன்றும் உண்டு. அது பக்கத்துத் தடத்தில் கடந்து செல்பவருடையது. இத்தொழிலில் வடம் அறுந்தும் வண்டி சாய்ந்தும் உயிரிழப்போர் உண்டு. ஆனால் பாரத்தின் கணக்கில் எந்தத் தவறும் செய்யாமல், சாலையோரம் குனிந்து சங்கிலி மாட்டிக்கொண்டிருக்கும்போது, யாரோ ஒருவரின் வண்டி மோதி இறந்தவர்கள் பலர். 1994இல் தென் கரோலினாவில் விபத்திடத்தில் பணியிலிருந்த மருத்துவ உதவியாளர் ஒருவர் இவ்வாறு மோதப்பட்டார். 1996இல் அம்மாநிலம், பணியிலிருக்கும் வண்டியைக் கண்டால் வேகத்தைக் குறைத்து அடுத்த தடத்துக்கு விலக வேண்டும் என்று சட்டம் செய்தது. 2012இல் ஹவாயும் சேர, ஐம்பது மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் வந்துவிட்டது. காவல், தீயணைப்பு, மருத்துவ வண்டிகளே முதலில் கருதப்பட்டன; மீட்பு வண்டி பல இடங்களில் பிறகே நினைவுக்கு வந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் சட்டம் வந்தது 2003இல். மீட்பு வண்டி அதில் சேர்ந்தது 2015இல். சிவப்பு விளக்குக்கும் நீல விளக்குக்கும் ஒதுங்கியவர்கள், இவர்களின் மஞ்சள் விளக்கைச் சாலை வேலையின் விளக்காக எண்ணிக் கடந்துபோனார்கள்.

சட்டனூகாவில், ஹோம்ஸின் ஊரிலேயே, இத்தொழிலுக்கான அருங்காட்சியகம் ஒன்று 1995இல் திறக்கப்பட்டது. உள்ளே பழைய மீட்பு வண்டிகள் வண்ணம் மங்காமல் நிற்கின்றன. 2006இல் அங்கே ஒரு சுவர் எழுப்பப்பட்டது. பணியில் இறந்த மீட்புத் தொழிலாளர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. புதிய பெயர்கள் இன்னும் சேர்ந்துகொண்டே வருகின்றன.