சோடா குடித்தால் மாரடைப்பு போகுமா?

(திருவாதவூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடையில் கல்லாப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் திடீரென நெஞ்சைப் பிடிக்கிறார். உடனே நாம் என்ன செய்கிறோம்? "ராத்திரி பரோட்டா சாப்பிட்டீங்களா பாய், வாயுதான்" என்று சோடாவை உடைத்துக் கொடுக்கிறோம். அடுத்து ஓமத் தண்ணீர். அதற்கும் கேட்காவிட்டால் முதுகில் தைலம். இப்படியே ஒரு மணி நேரம் போய்விடுகிறது. இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டு, அந்த ஒரு மணி நேரமும் இதயத்தின் சதை செத்துக்கொண்டிருக்கிறது. செத்த சதை திரும்ப உயிர் பெறுமா? சோடா வயிற்றுக்குத்தான் போகும் சகோதரர்களே, இதயத்துக்குப் போகாது!

நடு நெஞ்சில் பாறாங்கல்லை வைத்தது போன்ற அழுத்தம், இடது கைக்கோ தோளுக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல். இவைதான் அடையாளங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் அசதியாகவும் மூச்சிரைப்பாகவும் வரலாம்.

'எனக்கென்ன வயசா ஆச்சு' என்கிறார்கள் இளைஞர்கள். கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று பெங்களூரில் மாரடைப்பால் இறந்தபோது வயது 46. உடற்பயிற்சியில் பெயர் பெற்றவர் அவர்!

அப்படியானால் என்ன செய்வது? நடக்க விடாதீர்கள். பைக்கில் இருவருக்கு நடுவே உட்கார வைத்துக் கொண்டுபோகாதீர்கள். சாய்த்து உட்கார வைத்து, சட்டையைத் தளர்த்தி, 108-ஐ அழையுங்கள். காசு கேட்க மாட்டார்கள். நினைவோடு இருந்தால் ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் மென்று விழுங்கச் சொல்லுங்கள். அந்த மாத்திரை ஒவ்வாதவருக்கும், இரத்தக்கசிவோ குடற்புண்ணோ உள்ளவருக்கும் கொடுக்கக் கூடாது.

இங்கிருந்து மதுரை ராஜாஜி மருத்துவமனைக்குப் போய்ச் சேர நேரமாகும். இந்த இடைவெளிக்காகத்தான் தமிழக அரசு 2023-இல் 'இதயம் காப்போம்' திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என 14 மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்து அனுப்பும் ஏற்பாடு இது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ரமளானில் ஒரு கேள்வி எழும். நோன்பாளி மாத்திரை சாப்பிடலாமா? தாராளமாகச் சாப்பிடலாம். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. நோன்பைப் பிறகு களாச் செய்துகொள்ளலாம். போன உயிரைக் களாச் செய்ய முடியுமா?

கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் இல்லை அல்லது விக்கல் போல எப்போதாவது ஒரு மூச்சு என்றால், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தரையில் மல்லாத்திப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவே ஒரு கை மேல் மறு கையை வைத்து, முழங்கை மடங்காமல் இரண்டு அங்குல ஆழம் அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. கை சோர்ந்தால் ஆள் மாறுங்கள்; ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். அந்நியப் பெண்ணாயிற்றே என்று தயங்கவும் வேண்டாம். உயிர் போகும் நிர்ப்பந்தத்தில் சட்டம் வேறு.

வியாபாரிகளே! கல்லாப் பெட்டியில் ஓர் அட்டை ஆஸ்பிரின் போட்டு வையுங்கள். கடைப் பையனுக்கும் அது இருக்கும் இடத்தைக் காட்டுங்கள். காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள்.