கண் தெரியாதவரின் தெரு

(கொடுங்கையூர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பட்டறையில் இரும்புத் தூள் தெறித்துக் கண்ணிழந்த தோழர் ஒருவர் நம் கிளையில் இருக்கிறார். மின்சார ரயிலில் பேனாவும் சீப்பும் விற்றுப் பிழைக்கிறார். ரயிலுக்குள் அவருக்குப் பயமில்லை. மூலக்கடைக்கு நடந்து பஸ் பிடித்து ரயிலடி சேர்வதுதான் பெரும்பாடு. வழியில் தடுக்கி விழுந்தால் அன்றைய கூலி போயிற்று.

போன வாரம் கண்ணைத் துணியால் கட்டி, அவர் தோளைப் பிடித்து நாங்களும் நடந்தோம். மூடியில்லாத மழைநீர்க் கால்வாய், நடைபாதையில் நிறுத்திய ஸ்கூட்டர், டீக்கடை பெஞ்சு. குப்பை லாரி போனால் அந்த இரைச்சலில் பின்னால் வரும் சைக்கிள் மணிகூடக் கேட்கவில்லை. காதுதானே அவருக்குக் கண்? ஓரிடத்தில் நெற்றியில் இடித்துக்கொண்டோம். துணியை அவிழ்த்துப் பார்த்தால், நம் கொடிக் கம்பம்! அதை ஓரமாக நட முடிவு செய்துவிட்டோம்.

இதற்கு வழியில்லையா? 1965-ல் ஜப்பானில் செய்இச்சி மியாகே என்பவர் காலும் கைத்தடியும் தொட்டறியும் ஓட்டைக் கண்டுபிடித்தார். 1967 மார்ச் 18-ல் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே, முதன்முதலில் பதித்தார்கள். இப்போது வழக்கத்தில் உள்ள ஓட்டில் நீளக் கோடு இருந்தால் ‘நட’, புள்ளிகள் இருந்தால் ‘நில், கவனி’. அவ்வளவுதான். ராக்கெட் வித்தை ஒன்றுமில்லை.

நம் நாட்டிலும் சிக்னலில் ஒலி வேண்டும், சாலை கடக்குமிடத்தில் காலுக்குத் தெரியும் செதுக்கல் வேண்டும் என்று 1995-ம் வருஷச் சட்டமே சொல்லிற்று. ஆனால் ‘பொருளாதார சக்திக்கு உட்பட்டு’ என்று ஒரு வாலையும் ஒட்டினார்கள். ஏழைக்குச் செய்யவேண்டியது வந்தால் மட்டும் கஜானா காலி! 2016-ல் புதுச் சட்டம் வந்தது. பார்வையற்றவரான ராஜீவ் ரத்தூரி தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8-ல் சுப்ரீம் கோர்ட், வெறும் சிபாரிசு போதாது, கட்டாய விதி வேண்டும், மூன்று மாதத்தில் செய் என்று மத்திய சர்க்காருக்கு உத்தரவிட்டது.

ஆகவே நாம் தர்மம் கேட்கவில்லை. கால்வாய்க்கு மூடி, அறுபடாத நடைபாதை, மூலக்கடையில் ஒலி சிக்னல், தொட்டறியும் ஓடு. இவை கோரிக்கை. ஓட்டைப் பதிக்கும்போது பார்வையற்றவரை நடக்கவைத்துப் பார்த்துப் பதிக்கவேண்டும். கரெண்டு கம்பத்தில் போய் முடியும் ஓடு, ஓடே இல்லாததைவிட மோசம்.

மாநகராட்சி மண்டல ஆபீசுக்கு மகஜர் தயாராகிறது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு டேப்பும் நோட்டும் எடுத்து வாருங்கள். திறந்த கால்வாய் ஒவ்வொன்றையும் அளந்து எழுதிக்கொள்வோம். தோழர் முன்னால் நடப்பார்.