தை மாதத்துப் போஞ்சி

(நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



டொக்டர் ஒருவரைக் கூப்பிட்டால் சீனி வருத்தத்தைப் பற்றியோ பிரஷரைப் பற்றியோ பேசுவார் என்று சங்கத்தில் எதிர்பார்த்திருப்பீர்கள். அதைக் கிளினிக்கில் நாள் தவறாமல் பேசுகிறோம். கேட்டுவிட்டு வெளியே போய் ரோல்ஸ் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இன்று அது வேண்டாம். விழாவைத் தை மாதத்தில் வைத்திருக்கிறீர்கள். மடுல்சீமைப் பக்கத்திலிருந்து இந்தப் பாடசாலைக்கு வந்த எங்களுக்குத் தை மாதம் எப்படி இருந்தது என்பதைச் சொல்லிவிட்டுப் போகிறோம்.

‘நாங்கள்’ என்பது மரியாதைக்காகச் சொல்வது அல்ல. எங்கள் வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள். மூவரும் இங்கேதான் படித்தோம். எங்களில் ஒருத்தி டொக்டர், ஒருத்தி ஆசிரியை. மற்றவரைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

எங்கள் வகுப்பில் படித்தவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், முதலாம் தவணை தொடங்கி எட்டுப் பத்து நாள் கழித்துத்தான் நாங்கள் வந்து சேருவோம். காரணம் கேட்டால் காய்ச்சல் என்போம். மூன்று பேருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வந்து ஒரே நாளில் சுகமாகும். ஒரு டீச்சர் மட்டும் எங்கள் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். போஞ்சி பறித்தவர்களுக்குத் தெரியும், பச்சைக் கறை நகக் கண்ணில் ஏறிக் கறுத்துவிடும், சவர்க்காரத்துக்குப் போகாது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் தை மாதம் பிந்தி வந்தபோது, “இந்த முறை என்ன விலைக்குப் போச்சு?” என்று கேட்டார்.

எங்கள் லயத்துக்குக் கீழே, ஓடைக்கு மேலே, ஏறக்குறைய கால் ஏக்கர் சரிவு. அதுதான் எங்கள் மரக்கறித் தோட்டம். முதலில் அதைக் கொத்தியவர் எங்கள் அப்பாயி. 1973, 74இல் தோட்டப் பகுதிகளில் வந்த பஞ்சத்தில் சனங்கள் பட்டினியால் செத்தார்கள். அந்த நேரத்தில் காட்டை வெட்டி மரவள்ளி நட்டதாகச் சொல்லுவார். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி பக்கத்துக் காம்பராக் குடும்பம் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, தங்கள் துண்டையும் அப்பாயியிடம் விட்டுப் போனார்கள். பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். நம் பாடசாலையும் ரயிலும் ஏறக்குறைய ஒரு வயதுக்காரர்கள். அந்த ஸ்டேஷனில்தான் அந்தக் குடும்பத்தை ஏற்றிவிட்டு வந்தார்களாம். அவர்கள் கட்டிய கல்வரம்பு இன்னும் சரியாமல் நிற்கிறது.

1970களில் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் வந்தது. அந்தத் துண்டு எந்தக் காலத்திலும் எந்தக் காகிதத்திலும் எங்களுடையதாக இருந்ததில்லை.

டவுனில் வளர்ந்த தங்கச்சிமாருக்காகப் பருவத்தைக் கொஞ்சம் விளக்குகிறோம். ஊவாவில் எங்கள் பக்கத்து மலைகளுக்கு வடகீழ்ப் பருவமழைதான் பெரிய மழை. ஐப்பசியில் பிடித்தால் மார்கழி முடியும் வரை விடாது. தீபாவளிக்குத் தோட்டத்தில் முற்பணம் கொடுப்பார்கள். மற்ற வீடுகளில் அந்தக் காசில் எல்லோருக்கும் புதுச்சட்டை. எங்கள் வீட்டில் ஒரு பங்கு போஞ்சி விதைக்கு. மார்கழியில் காலை பத்து மணிக்கும் பக்கத்து லயம் கண்ணுக்குத் தெரியாது. நுவரெலியாவைப் போல உறைபனி விழும் இடமல்ல, ஆனால் மூடுபனி துணியை நனைத்துவிடும். அப்பா கம்பிளியைப் போர்த்திக்கொண்டு குடிலில் பன்றிக் காவல் இருப்பார். நாங்கள் கான் வெட்டி விடுவோம், கொடி ஏறக் கம்பு ஊன்றுவோம், மாட்டுக்கு மானாப்புல் அறுப்போம். புல்லோடு அட்டையும் வரும். படிக்க உட்கார்ந்த பிறகுதான் காலில் இரத்தம் வடிவது தெரியும்.

தை பிறந்ததும் காய் பறிப்பு. மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை பறிக்க வேண்டும். விட்டால் முற்றி நார் ஓடிவிடும், லொறிக்காரர் கையால் ஒடித்துப் பார்த்துவிட்டு ஒதுக்கிவிடுவார். எங்கள் காய்ச்சலுக்குக் காரணம் இதுதான். பனி ஈரத்தோடு செடியைத் தொட அம்மா விடமாட்டார். “ஈரத்துல கை வைக்காதீங்கடி, நோவு பரவிப் போயிரும்” என்பார். பங்கசு வித்துகள் ஈரத்தில் கையோடு ஒட்டி அடுத்த செடிக்குப் போகும் என்று பின்னால்தான் படித்தோம். அம்மாவுக்கு வித்துகள் தெரியாது, விஷயம் தெரியும். ஆக, பனி காய ஒன்பது, ஒன்பதரை ஆகும். லொறி இரண்டு மணிக்கு ரோட்டுக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் அம்மாவும் அப்பாவும் மலையில் வேலையில் இருப்பார்கள். வேலைக்குப் பெயர் பதியாவிட்டால் சம்பளம் மட்டுமல்ல, இருக்கிற காம்பராவும் கேள்விக்குறி. வீட்டில் வேறு யார்? நாங்கள் மூன்று பேர்தான்.

முப்பது நாற்பது கிலோவைச் சாக்கில் கட்டி, தலையில் ஏற்றிக்கொண்டு படிக்கட்டு வழியே ரோட்டுக்கு ஏறுவோம். விலையைச் சொல்கிறவர் லொறிக்காரர். பொங்கலுக்கு முந்தின விலைக்கும் பிந்தின விலைக்கும் சம்பந்தம் இருக்காது. ஆனாலும் அந்தக் காசுதான் எங்கள் சப்பாத்து, கொப்பி, பதுளையில் தங்கியிருந்த போர்டிங் வீட்டுக்கு முதல் மாதக் காசு. பாடப் புத்தகமும் சீருடைத் துணியும் இலவசமாகக் கிடைத்தன. அதை இந்த மேடையில் நன்றியோடு சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் போஞ்சி. 1990களின் நடுப்பகுதியில் தோட்டத்து நாட்சம்பளம் நூறு ரூபாயைத் தொடவில்லை.

மாசி வந்தால் வேறு மாதிரி. மழை நின்று, பீலித் தண்ணீர் விரல் தடிப்புக்கு மெலிந்துவிடும். காய்ச்சல் வெயில். தேயிலையில் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் பேர் குறையும். வேலை நாளுக்கு எங்களிடம் ‘பேர்’ என்று பெயர். நிறை காணாவிட்டால் அரைப்பேர். சம்பளம் குறைகிற அந்த மாதத்தில்தான் கோவாவுக்குத் தண்ணீர் சுமக்க வேண்டும். அம்மா பின்னேரம் கூடையை இறக்கிவிட்டு வாளியைத் தூக்குவார். இருட்டும் வரை மேலும் கீழும் நடப்பார். அந்த நடையை அன்று ஒரு வேலையாக நாங்கள் நினைக்கவில்லை. அம்மா என்றால் நடந்துகொண்டே இருப்பவர்.

இப்போது டொக்டராக ஒரு விஷயம். சில வருஷங்களுக்கு முன் மலைப்பக்கத்துக் கிளினிக் ஒன்றில், ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர். கர்ப்பிணிக்கு ஈமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையக் கூடாது. ஏழுக்குக் கீழே போனால் கடும் குருதிச்சோகை. அவருக்கு ஏழரை. இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காகக் குடிக்கிறாராம். திரிபோஷா? வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பகிர்கிறது. சாப்பாட்டோடு பிளேன்டி குடிக்காதீங்க, தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது, ஒரு மணித்தியாலம் விட்டுக் குடிங்க என்றோம். தலையாட்டினார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், மாடு இருக்கிறது, போஞ்சி இருக்கிறது என்றார். சந்தோஷத்தோடு, “அப்போ பாலைக் குடிங்க, மரக்கறியை நல்லாச் சாப்பிடுங்க, முட்டை வாங்குங்க” என்று சொன்னோம்.

அவர் சிரித்தார். “டொக்டரம்மா, பாலை நான் குடிச்சா மூத்தவளுக்கு சப்பாத்து ஆர் வாங்குறது?”

அன்று வீட்டுக்கு வந்து மூன்று பேரும் போனில் பேசினோம். எங்கள் வீட்டில் பால் இருந்தது. நாங்கள் குடித்தோமா? யாருக்கும் ஞாபகம் இல்லை. போத்தலில் ஊற்றி, சேகரிக்கிற இடத்துக்குக் கொண்டுபோனது ஞாபகம் இருக்கிறது. போஞ்சியில் வளைந்ததும் முற்றினதும்தான் எங்கள் கறி. அம்மா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதே ஞாபகம் இல்லை. அம்மாவின் கண்மடலை இழுத்துப் பார்த்திருந்தால் என்ன நிறம் இருந்திருக்கும் என்று இப்போது எங்களுக்குத் தெரியும். மருந்தடிக்கிற நாளில் அம்மா வெறுங்கையால்தான் கலக்குவார். மிச்சப் போத்தல் கட்டிலுக்குக் கீழே இருக்கும். அந்தக் காலத்தில் விற்ற மருந்துகளில் மிக நஞ்சானவை சில 2008 முதல் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. நஞ்சு குடித்தவர்களை வார்டில் பார்த்த எங்களுக்கு, அந்தக் கட்டிலில்தான் மூவரும் வருஷக்கணக்காகத் தூங்கினோம் என்று நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

மற்றவரைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னோம். மூத்தவர், எங்கள் அக்கா. கணக்கில் எங்கள் இருவரையும் விடக் கெட்டிக்காரி. அவர் சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டில் இருந்த தை மாதம், தோட்டத்திலிருந்து ஆட்கள் வந்து அளந்தார்கள். எந்தத் தோட்டம் என்பது இங்கே வேண்டாம். துண்டின் மேல்பாதியில் தேயிலைக் கன்று போடப் போகிறார்களாம். போஞ்சி அப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருந்தது. பறித்து முடியும் வரை பொறுக்கச் சொல்லி அம்மா கேட்டார். இரண்டு கிழமை கொடுத்தார்கள். அதுவும் பெரிய மனசு என்றுதான் அன்று பேசிக்கொண்டோம்.

இருபது பேர்ச்சஸ் மிஞ்சியது. நாற்பதில் எடுத்ததை இருபதில் எடுப்பதென்றால் பகல் முழுக்க ஆள் நிற்க வேண்டும். ஒரு பாத்தி காலியாகக் கிடக்கக் கூடாது; போஞ்சி முடிந்த இடத்தில் அடுத்த கிழமை நோக்கோல். பெறுபேறு வந்தது. அக்கா நல்லாகப் பாஸ். வீட்டில் யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை. உயர்தர வகுப்பு தொடங்கிய அன்று அவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே போனார், அவ்வளவுதான். நாங்கள் இருவரும் பஸ் ஏறினோம். அதற்குப் பிறகு தை மாதத்தில் எங்களுக்குக் காய்ச்சல் வரவில்லை. “காய்ச்சல் எல்லாம் சுகமாப் போச்சோ?” என்று அந்த டீச்சர் கேட்டார். அக்காவைப் பற்றிச் சொன்னோம். அன்று அவர் பாடம் நடத்தவில்லை. சும்மா வாசிக்கச் சொல்லிவிட்டு யன்னல் பக்கம் போய் நின்றார்.

அக்கா இன்றும் அந்த இருபது பேர்ச்சஸைத்தான் செய்கிறார். 2021இல் இரசாயனப் பசளையைத் தடைசெய்தபோது சுற்றியிருந்த பாத்திகள் மஞ்சளாகின. அவருக்கும் விளைச்சல் விழுந்தது, மாட்டு எருவால் ஏதோ தப்பினார். பீலியிலிருந்து குழாய் இழுக்க வங்கிக் கடன் கேட்டுப் போனார். காணி உறுதி கேட்டார்கள். திரும்பி வந்தார். அண்மை வருஷங்களில் புதிய வீட்டுத் திட்டங்களில் ஏழு பேர்ச்சஸ் கொடுத்தார்கள். நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு ஏக்கர் 160 பேர்ச்சஸ் என்ற கணக்கையும் பாருங்கள். 550 சதுர அடி வீட்டுக்கே இரண்டு போய்விடும். கக்கூசு, கான், பாதை போக மிஞ்சுகிறதில் மிளகாய்க் கன்று வைக்கலாம். பிள்ளையைப் போர்டிங்கில் வைக்கிற அளவுக்குப் போஞ்சி வைக்க முடியாது. நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாயானது. சப்பாத்து விலையையும் நீங்கள் அறிவீர்கள்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். வசதி குறைந்த பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கிற உதவிப் பணத்தைப் பரிசளிப்பு விழா மேடையில் கொடுக்கிறோம். போட்டோ நன்றாக வருகிறது. அப்போது வருஷம் பாதி போய்விடும். தயவுசெய்து அதை மார்கழிக் கடைசியில், தவணை தொடங்க முன்பு, தாயின் கையில் கொடுங்கள். மேடை வேண்டாம். எத்தனை பேருக்குத் தை மாதக் காய்ச்சல் வருகிறது என்று வகுப்பு வரவுப் பதிவேட்டைப் பார்த்தால் தெரியும். அந்தப் பட்டியலைத் தயாரிக்க எங்களில் ஆசிரியையாக இருப்பவர் சம்மதித்திருக்கிறார். முதல் வருஷச் செலவில் எங்கள் பங்கையும் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறோம்.

இந்த நூற்றாண்டு மலருக்குப் பழைய மாணவியர் விவரத் தாள் அனுப்பினீர்கள். ‘தொழில்’ என்ற இடத்தில் அக்கா ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார். நாங்கள் ‘விவசாயி’ என்று நிரப்பி அனுப்பினோம். அச்சில் வரும்போது மாற்றிவிடாதீர்கள்.

அழைப்பிதழ் அவருக்கும் வந்தது. புதுச்சேலைகூட எடுத்து வைத்திருந்தார். ஆனால் இன்றைக்கு லொறி வருகிற நாள்; பனி காய்ந்த நேரம் பறிக்கத் தொடங்கியிருப்பார். நாளை முதல் பஸ்ஸில் நாங்கள் போகிறோம். வரும்போது கொஞ்சம் விழா லட்டு கொண்டுவரச் சொன்னார்.