கண்ணாடி ஆறுகிற விதம்



இன்றைய பேச்சு கண்ணாடியைப் பற்றியது.

வீட்டுத் திண்ணையில் அரிக்கேன் விளக்கு எரிகிறது. மழைச்சாரல் அடிக்கிறது. ஒரு துளி சிம்னி மேல் விழுகிறது. 'டப்' என்று சிம்னி விரிசல் விடுகிறது. இன்னொரு வீட்டில், குளிர்ந்து கிடந்த கண்ணாடி டம்ளரில் கொதிக்கிற வெந்நீரை ஊற்றுகிறார்கள். டம்ளரின் அடிப்பாகம் தனியே கழன்று விழுகிறது. காலில் வெந்நீர் கொட்டுகிறது.

சிலர் இதைக் கெட்ட சகுனம் என்பார்கள். சிலர் மட்டமான சரக்கு என்பார்கள். பலரும் சொல்வது, "சூடு தாங்காமல் உடைந்தது" என்பதுதான்.

சற்று யோசித்துப் பாருங்கள். சிம்னி வெகு நேரம் சூடாகவே இருந்தது. அப்போது உடையவில்லை. ஒரு துளி தண்ணீர் பட்டதும் உடைந்தது. அப்படியானால் குற்றம் சூட்டின் மேல் மட்டும் இல்லை. குளிர்ச்சியின் மேல் மட்டும் இல்லை. ஒரே கண்ணாடியில் ஓர் இடம் சூடாகவும், பக்கத்து இடம் குளிர்ச்சியாகவும் இருந்ததே காரணம்.

அது எப்படி?

சூடு பட்டால் பொருள்கள் விரியும். குளிர்ந்தால் சுருங்கும். கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றின் மேல் ஹௌரா பாலம் இருக்கிறது. 1943-ல் திறக்கப்பட்ட பெரிய இரும்புப் பாலம் அது. வெயிலில் அந்த இரும்பும் நீளும். அதற்கு இடம் கொடுக்கும் இணைப்புகளை வைத்தே பாலத்தைக் கட்டியிருக்கிறார்கள். இடம் இருப்பதால் பாலத்துக்குக் கேடு இல்லை.

கண்ணாடியும் விரியும், சுருங்கும். ஆனால் கண்ணாடிக்கு இரண்டு குறைகள் உண்டு.

முதல் குறை, அதில் சூடு மெதுவாகவே பரவும். டம்ளரின் உட்பக்கம் கொதிக்கும்போது வெளிப்பக்கம் இன்னும் குளிர்ந்தே இருக்கும். உட்பக்கம் விரியப் பார்க்கும். வெளிப்பக்கம் அசையாது. இரண்டும் ஒன்றோடொன்று இழுபறி செய்யும்.

இரண்டாவது குறை, கண்ணாடி வளைந்து கொடுக்காது. கண்ணாடியை அழுத்தினால் நன்றாகத் தாங்கும். இழுத்தால் தாங்காது. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்கள் இருக்கும். இழுக்கும்போது அந்தக் கீறல்கள் வாய் திறக்கும். ஒரு நொடியில் விரிசல் ஓடிவிடும்.

தடித்த டம்ளர் பலமானது என்று பலரும் நினைப்பார்கள். வெந்நீரைப் பொறுத்தவரை அது சரியல்ல. தடித்த கண்ணாடியில் சூடு மறுபக்கம் போய்ச் சேர நேரம் ஆகும். அதனால் மெல்லிய டம்ளரைவிட அதுதான் சீக்கிரம் விரிசல் விடும்.

இனி, கண்ணாடி பிறக்கும் இடத்துக்குப் போவோம்.

மணல், சோடா, சுண்ணாம்புக்கல் ஆகியவற்றைக் கலந்து உலையில் உருக்குகிறார்கள். உலையின் சூடு சுமார் 1500 டிகிரி. உருகிய கண்ணாடி பாகு போல இருக்கும். அதை ஊதியோ, அச்சில் அழுத்தியோ பாட்டிலாகவும் டம்ளராகவும் செய்கிறார்கள். செய்த பாட்டிலை அப்படியே வெளியே வைத்து ஆறவிட்டால் என்ன ஆகும்? மெல்லிய பக்கம் முதலில் ஆறி இறுகும். தடித்த அடிப்பாகம் பிறகு ஆறும். ஆறும்போது சுருங்கும். முன்பே இறுகிவிட்ட பக்கத்தை அது இழுக்கும். பாட்டில் முழுவதும் ஆறிய பிறகும் அந்த இழுப்பு உள்ளே தங்கிவிடும். வெளியே பார்த்தால் பாட்டில் பளபளவென்று இருக்கும். ஒரு நாள் யாரும் தொடாமலே அது உடையலாம்.

அதனால் தொழிற்சாலைகளில் பாட்டில்களை நீளமான ஒரு சூட்டறை வழியாக அனுப்புகிறார்கள். அங்கே சூடு சிறிது சிறிதாகக் குறையும். கண்ணாடி எல்லாப் பக்கமும் ஒன்றுபோல ஆறும். உள்ளே இழுப்பு தங்காது. தனி வகை ஒளியில் வைத்துப் பார்த்தால், இழுப்பு உள்ள கண்ணாடியில் பல நிறங்கள் தெரியும். அப்படிச் சோதித்துக் கெட்டதை ஒதுக்குகிறார்கள்.

இந்த ஆறவைக்கும் வேலை எவ்வளவு பெரியது என்பதைக் கொல்கத்தா நகரில் ஒரு நிலையம் காட்டியது. அங்கே ஜாதவ்பூரில் மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அது அரசு நிலையம். 1950-ல் முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது.

அந்தக் காலத்தில் லென்ஸ் செய்யும் கண்ணாடி வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. நோய்க்கிருமியைப் பார்க்கும் மைக்ராஸ்கோப்புக்கு லென்ஸ் வேண்டும். நிலம் அளக்கும் கருவிக்கு லென்ஸ் வேண்டும். எல்லையைக் காக்கும் படைவீரரின் பைனாகுலருக்கும் லென்ஸ் வேண்டும். அந்தக் கண்ணாடியைச் செய்யத் தெரிந்த நாடுகள் மிகச் சில. அவையும் செய்முறையை ரகசியமாக வைத்திருந்தன.

ஜாதவ்பூர் நிலையத்தின் இயக்குநராக அப்போது இருந்தவர் டாக்டர் ஆத்மா ராம். அவர் உத்தரப் பிரதேசத்தில் பிஜ்னோர் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்தவர். அவருடைய தலைமையில் நிலையத்தார் தாங்களே ஆராய்ந்து வழி கண்டார்கள். லென்ஸ் கண்ணாடி நம் நாட்டிலேயே உருவானது.

லென்ஸ் கண்ணாடியில் உருக்குவது பாதி வேலை. ஆறவைப்பது மறுபாதி வேலை. ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு டிகிரி மட்டும் குறையும்படி கூட ஆறவைப்பது உண்டு. அவசரப்பட்டால் உள்ளே இழுப்பு தங்கிவிடும். கட்டி உடைந்து போகலாம். உடையாமல் தப்பினாலும் ஒளி அதன் வழியே சீராகப் போகாது. அந்த லென்ஸில் பார்த்தால் உருவம் தெளிவாக இருக்காது.

அமெரிக்காவில் நடந்ததும் இதையே சொல்லும். 1934 டிசம்பரில் ஒரு தொலைநோக்கிக்காக 20 டன் எடையுள்ள கண்ணாடி வட்டு வார்த்தார்கள். அதன் அகலம் 5 மீட்டர். அதை ஆறவைக்க மட்டும் சுமார் 10 மாதம் ஆனது.

இதுவரை கேட்டதிலிருந்து, மெல்ல ஆற்றினால் நல்லது, சட்டென்று ஆற்றினால் கெட்டது என்று தோன்றும். ஆனால் சட்டென்று ஆற்றியே கண்ணாடிக்குப் பலம் சேர்க்கும் முறையும் உண்டு.

கார்களின் பக்கவாட்டு ஜன்னல் கண்ணாடி அப்படிச் செய்யப்படுகிறது. கண்ணாடிப் பலகையை 600 டிகிரிக்கு மேல் சூடாக்குகிறார்கள். பிறகு இரண்டு பக்கமும் ஒரே அளவில், ஒரே நேரத்தில் குளிர்காற்றைப் பாய்ச்சுகிறார்கள். மேல்தோல் முதலில் இறுகுகிறது. நடுப்பகுதி பிறகு ஆறிச் சுருங்குகிறது. அப்போது அது இரண்டு பக்கத் தோலையும் உள்நோக்கி இறுக்கிப் பிடிக்கிறது. மேலே உள்ள கீறல்கள் வாய் திறக்க முடியாது. சாதாரணக் கண்ணாடியைவிட இதற்கு நான்கு, ஐந்து மடங்கு பலம் உண்டு. கடைகளில் இதை 'டஃபண்டு கிளாஸ்' என்பார்கள். இது உடைந்தால் கத்தி போன்ற துண்டுகள் ஆகாது. கல்கண்டு போலச் சிறு துண்டுகளாக உதிரும். பெரிய வெட்டுக்காயம் படுவது குறையும்.

பாட்டிலைக் கெடுத்ததும் இழுப்புதான். ஜன்னல் கண்ணாடியைக் காப்பதும் இழுப்புதான். முன்னது தாறுமாறாக வந்தது. பின்னது அளவோடு, இரு பக்கமும் சமமாக வைக்கப்பட்டது. இதுதான் வேறுபாடு.

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. அதிகம் விரியாத கண்ணாடியையே செய்துவிடுவது. மணலோடு போரான் சேர்ந்த பொருளைக் கலந்தால், கண்ணாடி விரிவது மூன்றில் ஒரு பங்காகக் குறையும். 1913-ல் அமெரிக்காவில் ஜெஸ்ஸி லிட்டில்டன் என்ற ஆராய்ச்சியாளர் இருந்தார். அவருடைய மனைவி பெஸ்ஸியின் சமையல் பாத்திரம் உடைந்து போயிற்று. அவர் பேட்டரி ஜாடியின் அடிப்பாகத்தை அறுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அது இந்த வகைக் கண்ணாடி. அதில் மாவை ஊற்றி பெஸ்ஸி கேக் சுட்டார். கண்ணாடி உடையவில்லை. 1915-ல் அப்படிப்பட்ட சமையல் பாத்திரங்கள் கடைக்கு வந்தன. பள்ளிக்கூடச் சோதனைச்சாலையில் உள்ள சோதனைக்குழாய்களும் பெரும்பாலும் இந்த வகைதான்.

நண்பர்களே, இந்த அறிவு வீட்டிலும் பயன்படும்.

டம்ளரில் முதலில் வெதுவெதுப்பான நீரைக் கொஞ்சம் ஊற்றிச் சுழற்றுங்கள். பிறகு சூடானதை ஊற்றுங்கள்.

எரிந்து அணைந்த சிம்னியை ஈரத் துணியால் துடைக்காதீர்கள். முழுவதும் ஆறட்டும்.

குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த கண்ணாடிப் பாத்திரத்தை உடனே சூட்டில் வைக்காதீர்கள்.

கண்ணாடிப் பலகை வைத்த கேஸ் அடுப்பு சூடாக இருக்கும்போது அதில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதீர்கள். அதன் ஓரத்தில் கனமான பாத்திரம் இடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டஃபண்டு கண்ணாடியின் பலவீனம் ஓரத்தில்தான் இருக்கிறது.

கீறல் விழுந்த டம்ளரில் சூடான பானம் வேண்டாம். குழந்தைக்குக் கொடுப்பதாக இருந்தால் கண்டிப்பாக வேண்டாம்.

பாத்திரம் வாங்கும்போது அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். அடுப்பில் வைக்கலாமா, கூடாதா என்று அதில் இருக்கும்.

எல்லாம் பார்த்தும் கண்ணாடி சில நேரம் உடையத்தான் செய்யும். அப்போது துண்டுகளைத் துடைப்பத்தால் கூட்டி, தடித்த காகிதத்தில் சுற்றுங்கள். அதன் மேல் 'கண்ணாடி' என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். காலையில் குப்பை அள்ள வருகிற தொழிலாளி அதைப் பார்த்து எடுப்பார். நீங்கள் எழுதிய அந்த நான்கெழுத்து அவருடைய கையைக் காக்கும்.