கோடை விடுமுறையும் நம் பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நான் பண்டிதனுமல்லன், பட்டம் பெற்றவனுமல்லன். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வே குமாஸ்தா ஆனவன். இதைக் காரியதரிசி அவர்களிடம் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "அப்படிப்பட்டவர் பேசினால்தான் பிள்ளைகள் தூங்காமல் கேட்பார்கள்" என்று கூறிவிட்டார். அவர் வாக்குப் பலிக்கட்டும்.

கரக்பூரில் பிறந்து வளரும் நம் குழந்தைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். பள்ளியில் படிப்பது ஆங்கிலமும் வங்காளியும் ஹிந்தியும். சென்ற தை மாதம் ஊரிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். தன் சொந்தப் பாட்டியின் பெயரைக் கண்டுகொள்வதற்குள் என் காப்பி ஆறிவிட்டது. அதே பெண் வங்காளிக் கதைப் புத்தகத்தை மடமடவென்று வாசிக்கிறாள். அவளுக்கு அறிவுக் குறைவு இல்லை. தமிழில் வாசித்துப் பழகச் சந்தர்ப்பம்தான் இல்லை. இந்த நிலை காலனியில் அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு என்பது தங்களுக்குத் தெரியும். கோடை விடுமுறையின் நாற்பது நாட்களை விட்டால் இதைச் சரி செய்ய வேறு காலம் கிடையாது.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளையின் கையில் அணில், ஆடு, இலை என்று பாலபாடத்தைக் கொடுத்தால் வெட்கப்பட்டு மூடி வைத்துவிடுவான். பெரிய நாவலைக் கொடுத்தாலோ இரண்டாம் பக்கத்தில் களைத்துவிடுவான். ஆகவே, கதை முன்பே தெரிந்ததாகவும், நடை எளியதாகவும், அத்தியாயம் சிறியதாகவும் உள்ள நூலே முதலில் வேண்டும். ராஜாஜி அவர்கள் மகாபாரதத்தைத் தமிழில் எழுதிய 'வியாசர் விருந்து' இதற்கு மிகவும் ஏற்றது. பீமனையும் கர்ணனையும் அறியாத பிள்ளை நம்மிடையே இல்லை. அடுத்த வாக்கியம் என்னவாக இருக்கும் என்று பாதி ஊகித்துக்கொண்டே படிக்கும்போது எழுத்தின் மீதுள்ள பயம் தெளிந்துவிடும். அது முடிந்தால் அவருடைய 'சக்கரவர்த்தித் திருமகன்' இருக்கிறது. 1958ஆம் ஆண்டு சாகித்திய அகாதமியின் பரிசு பெற்ற ராமாயணம் அது.

கொஞ்சம் வேகம் வந்த பிறகு கல்கிக்குப் போகலாம். எடுத்த எடுப்பில் 'பொன்னியின் செல்வன்' வேண்டாம். ஐந்து பாகங்கள், 1950இல் தொடங்கி 1954 வரை வாரந்தோறும் வந்த கதை. அதைவிடச் சிறியது 'பார்த்திபன் கனவு'. இரவில் விளக்கை அணைக்க மறுக்கும் பழக்கத்தை அது தானாகவே உண்டாக்கும்.

மேல் வகுப்பு மாணவர்களுக்கு நான் அழுத்தமாகச் சிபாரிசு செய்வது டாக்டர் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்தது. 1942இல் ஐயர் அவர்கள் மறைந்ததனால் முற்றுப்பெறாமல் நின்றது. 122 அத்தியாயங்கள். நாளொன்றுக்கு நான்கு வீதம் படித்தால் விடுமுறைக்குள் முடித்துவிடலாம். கணக்குப் பார்ப்பது என் தொழில். மகனுக்குத் தமிழ் சொல்லித்தர ஆசிரியர் கிடைக்க வேண்டுமென்று அவருடைய தந்தையார் குடும்பத்தோடு ஊர் ஊராகக் குடிபெயர்ந்ததை அதில் படிக்கலாம். மாற்றல் உத்தரவு வந்து மூட்டை கட்டும் நமக்கு அந்தச் சிரமம் நன்றாகவே புரியும்.

வங்காளத்தில் இருந்துகொண்டு வங்காளியை ஒதுக்கச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். விபூதிபூஷண் வந்தியோபாத்தியாயர் 1937இல் வெளியிட்ட 'சாந்தேர் பாஹாட்' என்னும் நாவலின் நாயகன் சங்கர், ஆப்பிரிக்காவில் உகாண்டா ரயில்வேயில் குமாஸ்தா வேலைக்குப் போகிறவன். சிங்கம் நடமாடும் இடத்தில் அவனுக்கு உத்தியோகம்! நம் ஆபீசைப் பற்றிக் குறை கூறுவோரும் அதைப் படிக்கலாம். அதே ஆசிரியரின் 'பதேர் பாஞ்சாலி'யை ஆர். சண்முகசுந்தரம் தமிழில் மொழிபெயர்த்திருக்கிறார். பிள்ளை மூலத்தையும் தாய் தமிழையும் கையில் வைத்துக்கொண்டு, பிற்பகல் வெயில் தாழும்வரை மாறி மாறி உரக்கப் படிக்கட்டும். தாய்க்குக் கொஞ்சம் வங்காளி வரும், பிள்ளைக்குத் தமிழ் வரும்.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். படித்ததைச் சுருக்கி எழுது, ஒப்பி என்று பரீட்சை வைக்காதீர்கள். நடுவில் தவறாக உச்சரித்தால் சிரிக்காதீர்கள். ஊருக்குப் போகும் ரயிலில் சென்னைக்கு ஏறத்தாழ ஒரு முழு நாள் ஆகிறது. அந்தப் பையில் முறுக்கோடு ஒரு புத்தகமும் இருக்கட்டும். கைத்தொலைபேசி இல்லாமல் பிள்ளை அசைய மாட்டான் என்றால், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் கல்கியின் நாவல்களை இலவசமாகவே இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது, அதிலாவது படிக்கட்டும்.

கடைசியாக, நம் சங்கத்துப் பீரோவைப் பற்றி. நான் கூறிய நூல்களில் பல அதற்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் பீரோ வருஷத்தில் ஒருமுறை, ஆயுத பூஜைக்குத் திறக்கப்படுகிறது. சீர்காழியில் பிறந்து, காசியிலும் தில்லியிலும் பணிபுரிந்த டாக்டர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூல்நிலையத்துக்கென்று ஐந்து விதிகள் வகுத்தார். நூல்கள் பயன்படுவதற்கே என்ற கருத்துத்தான் அவற்றில் முதலாவது. புத்தகம் கிழிந்துவிடும், திரும்பி வராது என்று செயற்குழுவில் சிலர் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம்தான். கரையான் அரிப்பதைவிடப் பிள்ளைகள் கையில் கிழிவது மேல் என்பது என் அபிப்பிராயம்.

விடுமுறை முழுவதும் ஞாயிறு மாலை 5 மணி முதல் 7 மணி வரை பீரோவின் அருகில் உட்கார நான் தயார். பெயர், தேதி, நூல் எண் குறித்துக்கொள்வது எனக்குப் பழகிய வேலை. சாவியை மட்டும் செயற்குழு கொடுத்துதவ வேண்டும்.