விட்ட கேட்சும் கேட்ட புத்தகமும்

(நம் சங்கத்தின் மூத்தோர் மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "டெபாசிட், நாமினேஷன் பற்றி ஏதாவது சொல்லுங்கள் சார்" என்றுதான் கேட்டார். முப்பத்தைந்து வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவனிடம் வேறு என்ன கேட்பார்கள்? அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். இன்று நான் பேசப்போவது கிரிக்கெட் பற்றி. அதிலும் கையால் ஆடும் கிரிக்கெட் அல்ல, மனதால் ஆடும் கிரிக்கெட். அதற்குக் காதால் கேட்கும் புத்தகங்கள் எனக்கு எப்படி உதவின, எங்கே உதவவில்லை என்பதுதான் விஷயம்.

முதலில் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். உங்களில் பலர் அதை நேரில் பார்த்தவர்கள்.

போன வருடப் பொங்கல் போட்டியின் இறுதி ஆட்டம். எஸ்.டி.பி.க்குப் பக்கத்துக் காலி இடம், டென்னிஸ் பந்து, எட்டு ஓவர். நான் எங்கள் பிளாக் அணியின் கேப்டன். கடைசி மூன்று பந்தில் அவர்களுக்கு ஆறு ரன் வேண்டும். தூக்கி அடித்த பந்து நேராக லாங்-ஆனில் நின்ற பையனிடம் போனது. பதினான்கு வயது. கைக்கு வந்த பந்து நழுவி, பின்னால் உருண்டு நான்கு ரன். அடுத்த பந்தில் இரண்டு. தோற்றோம்.

அப்போது நான் கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "இதைக்கூடப் பிடிக்கத் தெரியாதா? எதுக்கு ஆட வந்தே?" அத்தனை பேர் முன்னால். பையன் ஒன்றும் பேசவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

வாரக் கடைசியில் ஸ்கோர் நோட்டை எடுத்துப் பார்த்தேன். கணக்குப் பார்ப்பது விட முடியாத பழக்கம். நாற்பத்தெட்டு பந்து ஆட்டத்தில் முதலில் இறங்கிய நான் பதினேழு பந்துகளைத் தின்று பதினொரு ரன் எடுத்திருந்தேன். கேட்ச் விட்டதால் போனது நான்கு ரன். என்னால் போனது அதைவிட அதிகம். அதற்கு என்னை யாரும் கத்தவில்லை. வயதுக்கு மரியாதை.

அடுத்த மாதம் எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. சில வாரம் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார்கள். பேப்பர் படிக்காமல் காலை விடிந்ததாகவே எனக்குத் தோன்றாது. என் அவஸ்தையைப் பார்த்த மகள் போனில் பொன்னியின் செல்வனைப் போட்டுக் கொடுத்தாள், பாம்பே கண்ணன் குழுவினர் ஒலிநூலாகச் செய்தது. பழையாறை, தஞ்சை, கோடிக்கரை எல்லாம் சோபாவில் சாய்ந்தபடியே போய் வந்தேன். அது முடிந்ததும் அவளே கேட்டாள், "அப்பா, கிரிக்கெட்ல டென்ஷன் ஆகறீங்களே, அதுக்கும் புத்தகம் இருக்கு, கேக்கறீங்களா?"

அப்படித்தான் திமோத்தி கால்வே எழுதிய "தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்" என் காதுக்கு வந்தது. 1974-இல் வெளியான அமெரிக்கப் புத்தகம். டென்னிஸ் புத்தகத்தில் கிரிக்கெட்காரனுக்கு என்ன வேலை என்று நானும் நினைத்தேன். அவர் சொல்லும் அடிப்படை விஷயம் எந்த ஆட்டத்துக்கும் பொருந்தும். ஆடுகிறவனுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்கிறார். ஒருவர் உத்தரவு போடுகிறவர்: காலை நகர்த்து, தலையைக் குனி, ஐயோ இப்படி அடித்துவிட்டாயே. இன்னொருவர் உண்மையில் வேலை செய்கிறவர்: கை, கால், கண். முதல் ஆள் வாயை மூடினால் இரண்டாம் ஆள் தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிடுவார்.

இதைக் கேட்டபோது எனக்கு வங்கி ஞாபகம் வந்தது. 1987-இல் நான் கேஷ் கவுண்டரில் இருந்தேன். ஒருநாள் பதினோரு மணிக்கு, யாருக்கோ ஐந்நூறு ரூபாய் அதிகம் கொடுத்துவிட்டோமோ என்று ஒரு சந்தேகம். அதற்கப்புறம் ஒவ்வொரு கட்டையும் எண்ணும்போது உள்ளே ஒரு குரல்: "ஐந்நூறு போச்சு, சம்பளத்தில்தான் கட்டணும்." அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே எண்ணியதில் மதியத்துக்குள் இன்னொரு ஆயிரம் போனது. தலைமைக் காசாளர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "போனதை சாயங்காலம் பாத்துக்கலாம். இப்ப முன்னாடி நிக்கிறவரைப் பாருங்க" என்றார். சாயங்காலம் டாலி பார்த்தபோது காலையில் ஐந்நூறு போகவே இல்லை. போனது அந்த ஆயிரம் மட்டும்தான். கைக்காசைப் போட்டுக் கட்டினேன்.

கால்வே பக்கம் பக்கமாகச் சொன்னதை எங்கள் காசாளர் இரண்டு வரியில் சொல்லியிருக்கிறார். வங்கியில் கேட்டுக்கொண்டேன், மைதானத்துக்கு எடுத்துப்போகத் தெரியவில்லை.

கேட்டதில் நான் எடுத்துக்கொண்டது மூன்று விஷயம்.

முதலாவது, பந்தைப் பார்ப்பது. "பந்தைப் பார்த்து ஆடு" என்று நம் எல்லோருக்கும் சிறு வயதிலேயே சொல்லிவிட்டார்கள். எப்படிப் பார்ப்பது என்று சொல்லவில்லை. கால்வே ஒரு வழி சொல்கிறார். பந்து தரையில் படும்போது ஒரு சொல், மட்டையில் படும்போது ஒரு சொல், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் தமிழில் "குத்து", "தட்டு" என்று வைத்துக்கொண்டேன். சரியான நேரத்தில் சொல்ல வேண்டுமென்றால் பந்தைப் பார்த்தே ஆக வேண்டும். உள்ளே கத்துகிற ஆளுக்கும் வாய்க்கு ஒரு வேலை கிடைத்துவிடுகிறது. விக்கெட் கீப்பர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

இரண்டாவது, பந்துக்கும் பந்துக்கும் நடுவில் இருக்கும் நேரம். இது ஆஸ்திரேலியாவின் கிரெக் சேப்பல் விளக்கியது. நம் அணிக்குப் பயிற்சியாளராக வந்து சர்ச்சையில் மாட்டினாரே, அவரேதான். அதை ஒதுக்கி வையுங்கள், 87 டெஸ்டில் 24 சதம் அடித்தவர். கவனத்தை மூன்று படியாக வைத்துக்கொள்வார். சும்மா நிற்கும்போது பொதுவாகச் சுற்றுமுற்றும் பார்ப்பது. பந்து வீசுகிறவர் ஓடி வரத் தொடங்கியதும் அவர் மீது கவனம். கையிலிருந்து பந்து கிளம்பும் நேரத்தில் மட்டும் முழு மூச்சான கவனம். பந்து முடிந்ததும் மறுபடி முதல் படி.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? எட்டு ஓவரும் முழு மூச்சாக முறைத்துக்கொண்டே நின்றேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பந்து வந்து, அடித்து, முடிய ஐந்து விநாடி என்று வைத்தால், முப்பது பந்து ஆடுகிறவருக்கு இரண்டரை நிமிடம்தான் உண்மையான வேலை. மீதி நேரமெல்லாம் காத்திருப்பது. அந்தக் காத்திருப்பில்தான் நாம் களைத்துப் போகிறோம். இப்போது பந்து முடிந்ததும் ஸ்டம்பை விட்டு இரண்டடி நகர்ந்து தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பேன், ஒரு மூச்சை மெதுவாக விடுவேன், கிளவுஸைச் சரிசெய்வேன், திரும்ப வந்து நிற்பேன். எல்லாப் பந்துக்கும் இதே வரிசை.

மூன்றாவது, நடந்த தப்பை என்ன செய்வது. வங்கிக்காரர்களுக்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் தெரியும். எந்தக் கணக்கு என்று உடனே தெரியாத தொகையை அதில் போட்டுவிட்டு வேலையைத் தொடர்வோம், பிறகு விசாரித்து நேர் செய்வோம். தப்பையும் அப்படித்தான் வைக்கிறேன். ஆட்டம் முடிகிற வரை சஸ்பென்ஸ். வீட்டுக்கு வந்து காபி குடித்த பிறகு நோட்டில் எழுதுவேன். "மட்டமான ஷாட்" என்று எழுத மாட்டேன். "பந்து வெளியே விழுந்தது, கால் நகரவில்லை" என்று எழுதுவேன். நடந்ததை மட்டும் பார், நல்லது கெட்டது என்று தீர்ப்பு எழுதாதே என்பது கால்வே சொன்னது. சஸ்பென்ஸிலேயே விட்டுவிடவும் கூடாது, ஆடிட்டர் பிடிப்பார்.

இதற்கெல்லாம் பெரிய மைதானத்தில் ஒரு உதாரணம் நாம் எல்லோரும் டிவியில் பார்த்ததுதான். 2022 அக்டோபர் 23, மெல்போர்ன், டி20 உலகக் கோப்பை, பாகிஸ்தானுடன் ஆட்டம். 90,000 பேருக்கு மேல் கூட்டம். தினேஷ் கார்த்திக் ஸ்டம்பிங் ஆகி, கடைசிப் பந்துக்கு இரண்டு ரன் தேவை என்ற நிலையில் அஸ்வின் இறங்கினார். நவாஸ் வீசிய பந்து லெக் பக்கம் போனது. தொடாமல் விட்டார். வைடு. அடுத்த பந்தை மிட்-ஆஃப் தலைக்கு மேல் தூக்கி ஜெயித்துக் கொடுத்தார். கடைசிப் பந்தில் மட்டையைச் சுழற்றாமல் இருக்க எவ்வளவு அமைதியான மனம் வேண்டும்! நானாக இருந்தால் வீசியிருப்பேன். நீங்களும்தான்.

இப்போது கேட்கும் முறை பற்றி. ஆர்வத்தில் நான் செய்த தப்புகளை நீங்கள் செய்ய வேண்டாம். காதில் மாட்டிக்கொண்டு மூன்று புத்தகத்தை ஒரே மாதத்தில் கேட்டேன், ஒன்றும் மனதில் நிற்கவில்லை. அச்சுப் புத்தகம் என்றால் நாமே நின்று யோசிப்போம். இது நம்மை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். இப்போது ஒரு அத்தியாயத்தை மூன்று நாள் கேட்கிறேன். ஆங்கிலம் வேகமாக இருந்தால் வேகத்தை 0.8 என்று குறைத்துக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. படுக்கையில் கேட்காதீர்கள், பத்தாவது நிமிடத்தில் குறட்டை. ஆட்டத்துக்குப் போகும் காலையில் புதிதாக எதையும் கேட்காதீர்கள், தலைக்குள் இன்னொரு ஆள் சேர்ந்துகொள்வார். நம் உள்சாலையில் நடக்கும்போது ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். கார்கள் பின்னால் வருகின்றன.

பலன் என்ன என்று கேட்பீர்கள். இந்த வருடம் நான் ஓரளவு நன்றாக ஆடுகிறேன். அதில் பாதிப் பங்கு கண் டாக்டருக்கு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பந்து இப்போது ஒன்றாகத் தெரிகிறது.

ஆனால் எனக்குக் கிடைத்த பெரிய பலன் வேறு. கால்வே சொன்ன அந்த முதல் ஆளைப் பற்றி ஒரு காலை நடையில் இரண்டாம் தடவை கேட்டுக்கொண்டிருந்தேன். சட்டென்று நின்றுவிட்டேன். உள்ளே இருந்து திட்டுகிற அந்தக் குரலை, அந்தப் பையனுக்கு நான் வெளியே நின்று கொடுத்திருக்கிறேன். இனி பந்து உயரே போகும் ஒவ்வொரு தடவையும் அவனுக்கு என் குரல்தான் கேட்கும்.

அன்று மாலையே ஸ்கோர் நோட்டை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா அம்மா முன்னால் மன்னிப்புக் கேட்டேன். நோட்டைக் காட்டி, "தம்பி, தோத்ததுக்கு முதல் காரணம் இந்தப் பதினேழு பந்து" என்றேன். "பரவால்ல அங்கிள்" என்றான், என்னைப் பார்க்காமல். அடுத்த மூன்று ஞாயிறும் வரவில்லை. நாலாவது ஞாயிறு, மட்டையில்லாமல், சும்மா பார்க்க வந்தான்.

இரண்டு பேரும் கேட்ச் பயிற்சி ஆரம்பித்தோம். நான் தூக்கிப் போடுவேன். பிடித்தாயா என்று கேட்க மாட்டேன். பந்தின் மேல் உள்ள வெள்ளைக் கோடு எந்தப் பக்கம் சுற்றியது என்று மட்டும் கேட்பேன். அதற்குப் பதில் சொல்லப் போய், பிடிக்க ஆரம்பித்தான். ஒருநாள் அவன் எனக்குச் சொன்னான்: "அங்கிள், நீங்க அடிக்கறதுக்கு முன்னாடி மூச்சைப் பிடிச்சுக்கறீங்க." இத்தனை மணி நேரம் கேட்ட எந்தப் புத்தகமும் எனக்கு இதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்லும்? அதற்கு வாய் உண்டு, கண் இல்லை. நம்மைப் பார்த்துச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும்.

போன மாத ஆட்டத்தில் அவன் ஒரு கேட்சை விட்டான், ஒன்றைப் பிடித்தான். விட்டபோது யாரும் கத்தவில்லை. அவனிடமும் பெற்றோரிடமும் சம்மதம் வாங்கித்தான் இதை இங்கே சொல்கிறேன்.

பொங்கல் போட்டி மறுபடி வரப்போகிறது. ஆடுகிறவர்களைவிட, பால்கனியிலும் எல்லைக் கோட்டிலும் நிற்கிற நம்மைப் போன்ற பெரியவர்களுக்குத்தான் என் வேண்டுகோள். கேட்ச் விட்டவனுக்கு அது விட்டது தெரியும். நாம் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த பந்தைப் பார்க்க விடுங்கள்.

போனில் ஒலிநூல் போட்டுக்கொள்ளத் தெரியாதவர்கள் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு கிளப் ஹவுஸுக்கு வாருங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன். எனக்குத் தெரியாததை அந்தப் பையன் சொல்லித் தருவான். வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

நாமினேஷன் அடுத்த கூட்டத்தில்.