சிரிப்பு வருவதற்குள் மணி அடித்துவிட்டால்...



ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோற்றுக்கு அது சரி. ஊறுகாய்க்குச் சரிவருமா? ஜாடியில் போட்ட மறுநாளே எடுத்துக் கடித்துப் பார்த்தால் உப்பும் புளிப்பும்தான் நாக்கில் நிற்கும். ஊறுவதற்கு நாள் வேண்டும். தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரும் ஊறுகாய் ஜாதிதான். ஆனால் தொலைக்காட்சி நிலையங்கள் பெரும்பாலும் அதற்குச் சோற்றுப் பதம் பார்க்கின்றன. அருமையான தொடர்கள் பல அற்பாயுளில் முடிந்துபோனதற்கு இதுவே முதல் காரணம்.

ஓர் உதாரணம். 1982 மார்ச் 4ஆம் தேதி, அமெரிக்காவின் ஏபிசி நிலையம் 'போலீஸ் ஸ்குவாட்!' என்ற தொடரைத் தொடங்கியது. 1980இல் வெளிவந்து வெற்றி பெற்ற 'ஏர்பிளேன்!' படத்தை எடுத்த மூவர்தான் இதையும் படைத்தார்கள். லெஸ்லி நீல்சன் போலீஸ் அதிகாரியாக நடித்தார். அவர் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டே நடிப்பார். அதுதான் வேடிக்கையே. அறிவிப்பாளர் அத்தியாயத்திற்கு ஒரு தலைப்பைச் சொல்வார், திரையில் வேறொரு தலைப்பு தெரியும். சிறப்பு விருந்தினராக வரும் நட்சத்திரம் தலைப்புக் காட்சியிலேயே செத்துப்போவார், அதற்குப் பிறகு கதையில் அவர் வரவே மாட்டார். பின்னணியில் ஒரு வேடிக்கை, முன்னால் வேறொரு வேடிக்கை. எங்கே சிரிக்க வேண்டும் என்று சொல்லித்தரும் பதிவுச் சிரிப்பொலியும் கிடையாது.

எடுத்தவை 6 அத்தியாயங்கள். நான்கு ஒளியேறியதும் தொடரை நிறுத்திவிட்டார்கள். மீதி இரண்டும் அந்த ஆண்டு ஜூலையில் போகிற போக்கில் காட்டப்பட்டன. நிலையத்தின் பொறுப்பாளர் சொன்ன காரணம் என்ன தெரியுமா? இந்தத் தொடரை ரசிக்க வேண்டுமானால் மக்கள் அதைக் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறதாம்! தொலைக்காட்சியைப் பார்க்கச் சொன்னது குற்றமாகிவிட்டது.

பார்ப்போர் கணக்கை எடுக்கும் நிறுவனத்தின் பெயரும் நீல்சன், நடிகரின் பெயரும் நீல்சன். அந்த நீல்சனின் கணக்கில் இந்த நீல்சன் தோற்றார். ஆனால் 1988இல் அதே பாத்திரம், அதே நடிகர், அதே பாணி 'நேக்கட் கன்' என்ற பெயரில் திரையரங்குக்கு வந்தபோது கூட்டம் அலைமோதியது. 1991, 1994 ஆண்டுகளில் மேலும் இரண்டு படங்கள் வந்தன. சரக்கில் குறையில்லை என்பது அப்போது தெரிந்துபோனது.

நகைச்சுவைக்கு மட்டும் ஏன் இத்தனை அவகாசம் தேவைப்படுகிறது? மர்மத் தொடருக்கு ஒரு கொலை போதும். கொன்றது யார் என்று தெரிந்துகொள்ள மறுவாரமும் மக்கள் வந்து உட்காருவார்கள். நகைச்சுவைத் தொடரில் சிரிப்பு கதையிலிருந்து வருவதைவிட ஆட்களிடமிருந்து வருவதே அதிகம். கஞ்சன் ஒருவன் பணப்பையை எடுக்கப் போகிறான். முதல் வாரம் பார்ப்பவருக்கு அது வெறும் பணப்பை. பத்தாவது வாரம் அவன் சட்டைப்பையைத் தொடும் முன்பே வீடே சிரிக்கத் தொடங்கிவிடும். பக்கத்து வீட்டுக்காரரோடு பழகுவதைப் போலத்தான் இது. பழக்கம் வந்த பிறகே கேலி ருசிக்கும். எழுதுபவர்களுக்கும் இது பொருந்தும். எந்த நடிகருக்கு எந்த வசனம் பொருந்தும் என்பதை அவர்கள் சில அத்தியாயங்கள் எழுதித்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

இனி பணத்துக்கு வருவோம். அமெரிக்காவில் அரை மணி நேர நகைச்சுவை என்றால், விளம்பரங்கள் போக ஏறத்தாழ 22 நிமிடங்கள்தான். தயாரிப்பு நிறுவனத்துக்கு நிலையம் கொடுக்கும் கட்டணம் பல வேளைகளில் தயாரிப்புச் செலவுக்கே எட்டாது. உண்மையான லாபம் பிற்பாடு மறு ஒளிபரப்பு உரிமையை விற்கும்போதுதான் கிடைக்கும். தினமும் ஒன்றாகப் போடுவதற்குச் சரக்கு வேண்டுமல்லவா? அதனால் ஏறத்தாழ 100 அத்தியாயங்கள் என்பது நீண்ட காலம் அந்தத் தொழிலின் கணக்காக இருந்தது. நூறைத் தொடாது என்று தோன்றினால் முதல் ஆண்டிலேயே ஆர்வம் வடிந்துவிடும். அதோடு விளம்பரதாரர்கள் 18 முதல் 49 வயது வரை உள்ளவர்களையே பெரிதும் தேடினார்கள். பாட்டியும் தாத்தாவும் விழுந்து விழுந்து சிரித்தாலும் அந்தக் கணக்கில் அது சேராது. பார்க்கும் பழக்கம் வருவதற்குள் ஒளிபரப்பு நாளையும் நேரத்தையும் மாற்றிவிட்டால், இருக்கிற ரசிகர்களும் வழி தவறிப் போவார்கள்.

பொறுத்திருந்தவர்கள் என்ன பெற்றார்கள்?

1982 செப்டம்பரில் என்பிசி நிலையம் 'சியர்ஸ்' என்ற தொடரைத் தொடங்கியது. பாஸ்டன் நகர மதுக்கூடம் ஒன்றில் நடக்கும் கதை. முதல் பருவத்தில் பார்ப்போர் பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்தது. ஆனாலும் நிலையம் அதை நிறுத்தவில்லை. அதற்கு ரசனை மட்டும் காரணமன்று. அன்று என்பிசியே பின்தங்கித்தான் கிடந்தது, அந்த இடத்தில் வைப்பதற்கு வேறு நல்ல சரக்கும் கையில் இல்லை! வேறு வழியில்லாமல் வந்த பொறுமை பொன்னாக விளைந்தது. 1983இல் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருது கிடைத்தது. 1984இல் 'காஸ்பி ஷோ' வந்து வியாழன் இரவுக்குக் கூட்டம் சேர்த்ததும் 'சியர்ஸ்' நிமிர்ந்தது. 1990-91 பருவத்தில் முதலிடம். 11 பருவங்கள், 275 அத்தியாயங்கள் ஓடி 1993இல்தான் விடைபெற்றது.

விளம்பரத்தை நம்பாமல் உரிமக் கட்டணத்தில் இயங்கும் பிரிட்டனின் பிபிசியிலும் இப்படி ஒரு கதை உண்டு. லண்டன் பெக்கம் வட்டாரத்தில் சந்தை வியாபாரம் செய்யும் சகோதரர்களைப் பற்றிய 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' 1981இல் தொடங்கியபோது பெரிதாக எடுபடவில்லை. பிபிசி காத்திருந்தது. 1996 டிசம்பரில் ஒளியேறிய ஓர் அத்தியாயத்தைப் பார்த்தவர்கள் 2 கோடியே 43 லட்சம் பேர்.

அதற்காக, நிறுத்தப்பட்ட தொடர் எல்லாம் மாணிக்கம் என்று வாதாட முடியாது. சிரிப்பே வராத தொடர்களும் ஏராளம். குறைந்த அத்தியாயங்கள் என்றாலே தோல்வி என்றும் இல்லை. பிபிசியின் 'ஃபால்டி டவர்ஸ்' 1975இல் ஆறு, 1979இல் ஆறு என மொத்தம் 12 அத்தியாயங்கள்தான். போதும் என்று படைத்தவர்களே நிறுத்திக்கொண்டார்கள். அது நிறைவு. பேசிக்கொண்டிருப்பவரின் வாயைப் பொத்துவதுதான் வேறு.

அப்படி வாய் பொத்தப்பட்ட தொடர் 'அரெஸ்டட் டெவலப்மென்ட்'. பணக்காரக் குடும்பம் ஒன்று நொடித்துப்போகும் கதை. 2003 நவம்பரில் ஃபாக்ஸ் நிலையத்தில் வந்தது. முதல் அத்தியாயத்தில் போட்ட வேடிக்கை விதை இருபதாவது அத்தியாயத்தில் முளைக்கும். இடையில் வந்து உட்காருபவருக்கு ஒன்றும் புரியாது. 2004இல் சிறந்த நகைச்சுவைத் தொடர் என்று எம்மி விருதும் வாங்கிவிட்டது. ஆனால் கூட்டம் சேரவில்லை. முதல் பருவத்தில் 22 அத்தியாயங்கள், இரண்டாவதில் 18, மூன்றாவதில் 13 என்று தேய்ந்தது. 2006 பிப்ரவரி 10ஆம் தேதி கடைசி நான்கு அத்தியாயங்களையும் ஒரே இரவில் கொட்டித் தீர்த்தார்கள். அதே இரவில் மற்றொரு நிலையத்தில் டூரின் குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழா. தொடரின் முடிவை யார் பார்ப்பார்கள்?

கதை அதோடு முடியவில்லை. டிவிடி வழியாக ரசிகர்கள் பெருகினார்கள். 2013 மே மாதம் நெட்பிளிக்ஸ் 15 புதிய அத்தியாயங்களை வெளியிட்டது. ஆனால் ஏழு ஆண்டுகளில் நடிகர்கள் வெவ்வேறு வேலைகளில் சிதறிப்போயிருந்தார்கள். எல்லாரையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூட்ட முடியவில்லை. அத்தியாயத்துக்கு ஒருவர் என்று கதையைப் பிரித்து எழுத வேண்டியதாயிற்று. ஒரே கூடத்தில் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து அடித்துக்கொண்ட அந்தக் குடும்பத்தின் கலகலப்பு பழையபடி திரும்பவில்லை என்றே பல ரசிகர்கள் வருந்தினார்கள்.

இதில்தான் உண்மையான இழப்பு இருக்கிறது. கதையைத் தள்ளிவைத்துப் பிறகு எழுதலாம். அரங்கத்தை மறுபடி கட்டலாம். ஆனால் நகைச்சுவையைத் தாங்குவது ஒரு குழுவின் பழக்கம். ஒருவர் இழுத்தால் மற்றவர் விடும் அந்தத் தாளம் கலைந்துபோனால், எத்தனை பணம் கொடுத்தாலும் பழைய ஜாடியிலிருந்து எடுத்தது போல ருசிக்காது.

இன்று இணைய ஒளிபரப்புகள் வந்துவிட்டன. நேரம் மாறும் தொல்லை இல்லை. வேண்டியபோது பார்க்கலாம். ஆனால் கணக்குப் பார்க்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை. கியூப-அமெரிக்கக் குடும்பத்தைப் பற்றிய 'ஒன் டே அட் எ டைம்' தொடரை நெட்பிளிக்ஸ் 2017இல் தொடங்கி, 2019இல் மூன்று பருவங்களோடு கைவிட்டது. வேறொரு நிலையம் தூக்கி எடுத்தும், 2020இல் அங்கும் நின்றுபோனது.

ஆகவே நேயர்களே, நிலையத்தாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. முதல் பத்து நிமிடத்தில் சிரிப்பு வரவில்லை என்று அலைவரிசையை மாற்றும் கையும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். புதிய நகைச்சுவைத் தொடர் ஒன்று வந்தால் நான்கு வாரமாவது அதற்கு உட்கார்ந்து பாருங்கள். பிடித்திருந்தால் நான்கு பேரிடம் சொல்லுங்கள். நிறுத்திய பிறகு வருந்துவதைவிட, ஓடிக்கொண்டிருக்கும்போதே கைதட்டுவது மேல்.

பதறாத காரியம் சிதறாது. சிரிப்புக்கும் அது பொருந்தும்.